ட்ரோன் வாங்கி சைடு இன்கம் பார்க்கலாமா? லோன் ஃபார்ம்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி ரூல்ஸைப் படிங்க



போன வருஷம் தீபம் முடிஞ்சு ரெண்டு வாரம் இருக்கும். திருவண்ணாமலை தேரடி வீதிப் பக்கம் இருக்கிற நம்ம ஆபீஸுக்கு ஒரு தம்பி வந்தார். ஒரகடத்துல ஒரு கம்பெனியில வேலை. கைக்கு வர்ற சம்பளம் ₹38,000. ஊருக்கு மாசம் பத்தாயிரம் அனுப்புறார். வயசு 26.

"அண்ணா, மூணு லட்சம் பர்சனல் லோன் அப்ரூவ் ஆயிடுச்சு. ஒரு நல்ல இம்போர்ட்டட் ட்ரோன் செகண்ட் ஹேண்ட்ல வருது. கல்யாணம், கிரிவலம், ரிசார்ட் வீடியோனு வீக்கெண்ட்ல எடுத்தா போதும், இஎம்ஐ தானா கட்டிக்கும். டாக்ஸ் எப்படி கட்டணும்னு மட்டும் சொல்லுங்க"ன்னார்.

நான் கேட்ட முதல் கேள்வி டாக்ஸ் பத்தி இல்லை. "தம்பி, அந்த ட்ரோனுக்கு யுஐஎன் இருக்கா?"

அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிஞ்சது, அந்த வார்த்தையை முதல் தடவையா கேட்கிறார். ஆனா ₹20,000 அட்வான்ஸ் ஏற்கெனவே கொடுத்திருந்தார்.

இந்தப் பதிவு அந்தத் தம்பிக்காக நான் போட்ட கணக்கு. இதே யோசனையில இருக்கிற உங்களுக்கும் உதவும். ட்ரோன் வாங்குற எண்ணமே இல்லைனாலும் படிங்க. ஒரு துறையோட லாபத்தை ஆபரேட்டிங் ரூல்ஸ் எப்படி முடிவு பண்ணுதுங்கிறதுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. ட்ரோன் கம்பெனி ஷேர் வாங்குறவங்களுக்கும் இதே பாடம்தான்.

முதல்ல ஒரு சின்ன ஃபார்முலா

ட்ரோன் தொழிலோட வருமானம் என்ன? கேமரா தரமா? எடிட்டிங் திறமையா? அதெல்லாம் அப்புறம். அடிப்படை இதுதான்:

வருமானம் = சட்டப்படி பறக்கக்கூடிய நாட்கள் × ஒரு நாள் வேலைக்குக் கிடைக்கிற காசு

ரெண்டாவது பாதி உங்க கையில, மார்க்கெட் கையில இருக்கு. முதல் பாதி முழுக்க ரூல்ஸ் கையில இருக்கு. எங்கே பறக்கலாம், யார் பறக்க விடலாம், எந்த ட்ரோன் பறக்கலாம், எந்த நாள்ல பறக்கக் கூடாது. இந்த நாலும் சேர்ந்துதான் உங்க "வேலை நாட்களை" முடிவு பண்ணுது. ஆட்டோ வாங்குறவர் பர்மிட் பார்க்காம வாங்குவாரா? அதே மாதிரிதான்.

பத்து வருஷத்துல ரூல்ஸ் எப்படி மாறுச்சு, மார்க்கெட் எப்படி மாறுச்சு

அக்டோபர் 2014: விதிமுறை வர்ற வரைக்கும் பொதுமக்கள் யாரும் ட்ரோன் பறக்க விடக் கூடாதுன்னு டிஜிசிஏ அறிவிப்பு போட்டாங்க. மார்க்கெட் செத்துப் போச்சா? இல்லை. கல்யாண மண்டபத்துல ட்ரோன் பறந்துக்கிட்டேதான் இருந்தது. ஆனா பில் இல்லாம, இன்சூரன்ஸ் இல்லாம, பேங்க் லோன் இல்லாம. ரூல் இல்லாத இடத்துல சின்ன ஆட்கள் ரிஸ்க் எடுத்துப் பிழைப்பாங்க, பெரிய முதலீடு வராது.

டிசம்பர் 2018: முதல் விதிமுறை அமலுக்கு வந்தது. ஒவ்வொரு தடவை பறக்கிறதுக்கும் ஆன்லைன்ல அனுமதி வந்தாத்தான் மோட்டாரே ஸ்டார்ட் ஆகணும்கிற ஏற்பாட்டைக் கொண்டு வந்தாங்க. எண்ணம் நல்லதுதான். ஆனா அதுக்கேத்த ட்ரோன் மார்க்கெட்ல போதுமான அளவு இல்லை.

மார்ச் 2021: இன்னொரு விதி. 25 ஃபார்ம், 72 வகைக் கட்டணம். ஸ்டார்ட்அப் ஆட்கள் தலையில கை வச்சுட்டாங்க.

ஆகஸ்ட் 25, 2021: அஞ்சே மாசத்துல அதைத் தூக்கிட்டு "ட்ரோன் விதிகள் 2021" வந்தது. ஃபார்ம் 25-லிருந்து 5. கட்டண வகை 72-லிருந்து 4. ட்ரோனைப் பதிவு பண்ணக் கட்டணம் வெறும் ₹100. வரைபடத்துல பச்சை மண்டலமா இருக்கிற இடத்துல 400 அடி உயரம் வரைக்கும் பறக்க முன் அனுமதியே வேண்டாம். ஏர்போர்ட்டைச் சுத்தி 45 கிலோமீட்டர் வரைக்கும் இருந்த மஞ்சள் மண்டலம் 12 கிலோமீட்டரா சுருங்குச்சு.

இதோட அர்த்தம் புரியுதா? ஒரு ரூபாய் மானியம் கொடுக்காம, ஒரே அரசிதழ் அறிவிப்புல "பறக்கக்கூடிய இடம்" பல மடங்கு விரிஞ்சது. சென்னையைச் சுத்தி 45 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்க, அதையே 12 கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்க. வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

செப்டம்பர் 2021: ட்ரோன், உதிரிபாகம் தயாரிப்பவர்களுக்கு மூணு வருஷத்துக்கு ₹120 கோடி பிஎல்ஐ ஊக்கத்தொகை.

பிப்ரவரி 2022: ஒரே வாரத்துல ரெண்டு முடிவு. 9-ம் தேதி வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. பாதுகாப்பு, ஆராய்ச்சி மாதிரி சில தேவைகளுக்கு மட்டும் விலக்கு. உதிரிபாகம் கொண்டு வரலாம், முழு ட்ரோன் கூடாது. 11-ம் தேதி, பைலட் லைசென்ஸ்ங்கிறதை எடுத்துட்டு, டிஜிசிஏ அங்கீகரிச்ச பயிற்சி மையம் கொடுக்கிற ரிமோட் பைலட் சர்டிஃபிகேட் போதும்னு மாத்தினாங்க.

இறக்குமதித் தடையால யாருக்கு லாபம்? உள்ளூர்ல தயாரிக்கிறவங்களுக்கு. சென்னையிலேயே கருடா ஏரோஸ்பேஸ், தக்‌ஷா அன்மேண்டு சிஸ்டம்ஸ் மாதிரி கம்பெனிகள் விவசாய ட்ரோன்ல கால் ஊன்றின. யாருக்கு நஷ்டம்? விலை குறைவா, தரமா இருந்த சீன கேமரா ட்ரோனை நம்பியிருந்த நம்ம ஊர் போட்டோகிராஃபருக்கு.

அமெரிக்காவிலயும் இதே கதைதான். ஆகஸ்ட் 2016-க்கு முன்னாடி அங்கே காசுக்கு ட்ரோன் பறக்க விடணும்னா தனியா விலக்கு வாங்கணும், நிஜ விமானம் ஓட்டுற லைசென்ஸும் வேணும். 'பார்ட் 107' வந்தப்புறம் ஒரு எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணினா போதும்னு ஆச்சு. அதுக்கப்புறம் லட்சக்கணக்கான பேர் ட்ரோன் பைலட் ஆனாங்க.

சரி, இன்னைக்கு ரூல் என்ன சொல்லுது?

எடையை வச்சுத்தான் எல்லாமே:

- நானோ: 250 கிராம் வரை
- மைக்ரோ: 250 கிராமுக்கு மேல், 2 கிலோ வரை
- ஸ்மால்: 2 கிலோவுக்கு மேல், 25 கிலோ வரை
- மீடியம்: 25 கிலோவுக்கு மேல், 150 கிலோ வரை
- லார்ஜ்: 150 கிலோவுக்கு மேல்

சைடு இன்கம் யோசிக்கிறவங்க கவனிக்க வேண்டியது அஞ்சு விஷயம்.

1. பைலட் சர்டிஃபிகேட்: நானோவுக்கு வேண்டாம். மைக்ரோவைச் சொந்த உபயோகத்துக்குப் பறக்க விட்டா வேண்டாம். ஆனா அதே மைக்ரோவைக் காசுக்குப் பறக்க விட்டா கண்டிப்பா வேணும். "சும்மா ஃப்ரெண்டு கல்யாணம்தான்"னு சொல்லிட்டு ஜிபேல ₹6,000 வாங்கினா அது வியாபாரம். 18 வயசு முடிஞ்சு, பத்தாவது பாஸ் பண்ணியிருந்தா பயிற்சிக்குச் சேரலாம். சர்டிஃபிகேட் 10 வருஷத்துக்குச் செல்லும். முன்னாடி பாஸ்போர்ட் கேட்டாங்க. 2023-ல அதையும் தளர்த்தி வோட்டர் ஐடி, ரேஷன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ் போதும்னு ஆக்கிட்டாங்க. கிராமத்துப் பசங்க உள்ளே வர இந்த ஒரு மாற்றம் பெரிய வாசல்.

2. டைப் சர்டிஃபிகேட்: இது ட்ரோன் மாடலுக்கானது. வண்டிக்கு ஆராய் ஒப்புதல் மாதிரி. நானோவுக்கு விலக்கு. மத்தபடி இது இல்லாத மாடலுக்கு அடுத்த படியே கிடையாது.

3. யுஐஎன்: ட்ரோனோட நம்பர் பிளேட்டு. டிஜிசிஏ தளத்துல பதிவு பண்ணி வாங்கணும். கைமாறினா ஆர்சி புக் மாதிரி இதையும் உங்க பேருக்கு மாத்தணும்.

4. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ்: நானோ தவிர எல்லாத்துக்கும் கட்டாயம். மண்டபத்துல ட்ரோன் விழுந்து ஒரு குழந்தைக்குக் கண்ணுல அடிபட்டா? இன்சூரன்ஸ் இல்லைனா உங்க சேமிப்புலதான் கை வைக்கணும்.

5. மண்டலம்: டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சையில அனுமதி தேவையில்லை. மஞ்சள்ல விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அனுமதி வேணும். சிவப்புல மத்திய அரசு அனுமதி இல்லாம முடியாது.

விதி மீறினா அபராதம் ₹1 லட்சம் வரை போகலாம்.

இப்போ நம்ம தம்பி கேஸுக்கு வருவோம். அவர் பார்த்து வச்ச ட்ரோன் மைக்ரோ வகை. வெளிநாட்டு மாடல். டைப் சர்டிஃபிகேட் இல்லை, அதனால யுஐஎன் இல்லை. நவம்பர் 30, 2021-க்கு முன்னாடி நாட்டுக்குள்ள வந்த ட்ரோன்களைப் பதிவு பண்ண ஒரு மாசம் அவகாசம் கொடுத்தாங்க. அந்தக் கதவு எப்பவோ மூடிடுச்சு. அதாவது அவர் மூணு லட்சம் கொடுத்து வாங்கப் போறது, என்னைக்குமே நம்பர் பிளேட்டு கிடைக்காத ஒரு வண்டி.

திருவண்ணாமலையில எத்தனை நாள் பறக்கலாம்?

"அண்ணா, நம்ம ஊர்ல ஏர்போர்ட்டே இல்லையே, எல்லாம் பச்சைதானே?"ன்னார். பாதி சரி. பெரிய ஏர்போர்ட் எதுவும் பக்கத்துல இல்லை. ஆனா மூணு விஷயம் இருக்கு.

ஒண்ணு, மலை. அண்ணாமலை காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாம ஏறவே கூடாது, அதுக்குள்ள ட்ரோன் விடுறதுக்கும் அவங்களைக் கேட்கணும். டிஜிட்டல் ஸ்கையில பச்சைன்னு காட்டுறது வான்வெளிக்கான பதில் மட்டும்தான். கீழே இருக்கிற நிலம் யாரோடதோ அவங்க அனுமதி தனி.

ரெண்டு, கோயில். ஒன்பது கோபுரத்தையும் மேலேயிருந்து எடுக்கணும்னு யாருக்குத்தான் ஆசை இருக்காது? கோயில் நிர்வாகம், காவல்துறை ரெண்டு பேர்கிட்டயும் எழுத்துல அனுமதி இல்லாம அந்த ஆர்டரை எடுக்காதீங்க.

மூணாவதுதான் முக்கியம். ட்ரோன் விதிகள்படி, அவசரத் தேவை இருந்தா எஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பு மண்டலமா அறிவிக்கலாம். ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை. இப்போ யோசிங்க. மகாதீபம், சித்ரா பௌர்ணமி. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில லட்சக்கணக்கான ஜனம். 2,668 அடி உச்சியில தீபம். வீடியோவுக்கு எக்கச்சக்க டிமாண்ட். அன்னைக்குத்தான் தனியார் ட்ரோனுக்கு வானம் மூடியிருக்க அதிக வாய்ப்பு. கூட்டத்துக்கு மேல ஒரு பேட்டரி சாதனம் விழுந்தா என்ன ஆகும்னு யோசிச்சா, அந்தத் தடை நியாயம்னு நமக்கே புரியும்.

நம்ம ஊர் ட்ரோன் கணக்கோட சூட்சுமமே இதுதான்: விலை உச்சத்துல இருக்கிற நாளும், பறக்க முடியாத நாளும் பெரும்பாலும் ஒரே நாள். "தீபத்துல மட்டும் அம்பதாயிரம் பார்த்துடலாம்"னு எக்செல்ல போட்டா, அந்த வரியை அழிச்சிடுங்க.

உள்ளூர் திருவிழா மட்டும் இல்லை. மே 2025 எல்லைப் பதற்றத்தப்போ மும்பை உட்பட பல ஊர்கள்ல தற்காலிகத் தடை போட்டாங்க. உங்க இஎம்ஐக்கு அந்த மாசம் லீவு கிடையாது.

இப்போ கணக்கு போடுவோம்

லோன் ₹3,00,000, வட்டி 14%, 3 வருஷம். இஎம்ஐ ₹10,253. ₹38,000 சம்பளத்துல 27%.

ஒரு ஷூட்டுக்கு ₹6,000 வாங்குறார்னு வைப்போம். உதவியாளருக்கு ₹1,000. ஒரகடத்துலேருந்து வந்து போக, பெட்ரோல், சாப்பாடு ₹1,000. எடிட்டிங் ₹500. கையில நிக்கிறது ₹3,500.

வருஷச் செலவு:
- இஎம்ஐ: ₹1,23,036
- பேட்டரி, ப்ரொபெல்லர், ரிப்பேர்: மாசம் ₹3,000 வீதம் ₹36,000
- மொத்தம்: ₹1,59,036

இதை ₹3,500-ஆல வகுத்தா, வருஷத்துக்கு 46 ஷூட் இருந்தாத்தான் கைக்கும் வாய்க்கும் சரியா வரும். அதுக்கு மேல வர்றதுதான் லாபம்.

46 ஷூட் கிடைக்குமா? அவர் வேலைக்குப் போறவர், சனி ஞாயிறு மட்டும்தான். ஆடியில கல்யாணம் இல்லை, மார்கழியில இல்லை, புரட்டாசியிலயும் நிறைய பேர் வைக்க மாட்டாங்க. மிச்சம் 9 மாசம். மாசம் 3 ஷூட்னு தாராளமா வச்சாலும் 27 தான். 27 × ₹3,500 = ₹94,500. துண்டு விழுறது ₹64,536. அதாவது "தானா கட்டிக்கும்"னு நினைச்ச ட்ரோனுக்கு, சம்பளத்துலேருந்து மாசம் ₹5,378 இவர் கட்டணும்.

இது எல்லாம் நல்லபடியா போனா வர்ற கணக்கு. யுஐஎன் இல்லாத ட்ரோன் ஒரு நாள் பிடிபட்டா? ட்ரோன் போச்சு, அபராதம் வரும், இஎம்ஐ மட்டும் மூணு வருஷம் நிக்கும்.

அப்போ ட்ரோன்ல காசே இல்லையா?

இருக்கு. ரூல் எந்தப் பக்கம் வழி விடுதோ அந்தப் பக்கம் பாருங்க. நம்ம மாவட்டத்துல அது விவசாயம்.

நெல்லு, கரும்பு, மணிலானு வயல் நிறைஞ்ச மாவட்டம். போளூர், செங்கம், வந்தவாசி பக்கம் மருந்தடிக்க ஆள் கிடைக்கலைங்கிறது நீங்க வீட்டுல கேட்கிற புலம்பல்தான். வயல்ல கூட்டம் இல்லை, மண்டபம் இல்லை, பெரும்பாலும் பச்சை மண்டலம். டிசம்பர் 2021-ல மத்திய வேளாண் அமைச்சகம் ட்ரோன்ல மருந்தடிக்கிற வழிமுறையை வெளியிட்டாங்க. ஏப்ரல் 2022-ல 477 பூச்சிமருந்துகளுக்கு ட்ரோன் வழி தெளிக்க இடைக்கால ஒப்புதல் வந்தது. அதுக்கு முன்னாடி ட்ரோன் இருந்தாலும் அதுல எந்த மருந்தை ஊத்தலாம்கிற கேள்விக்குச் சரியான பதில் இல்லை. பறக்கிற ரூல் மட்டும் போதாது, தெளிக்கிற ரூலும் வந்தப்புறம்தான் தொழில் நடக்குது.

மேல, அரசே வாங்குறவரா வந்தாங்க. நவம்பர் 2023-ல நமோ ட்ரோன் தீதி திட்டம்: மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு 15,000 ட்ரோன், ₹1,261 கோடி ஒதுக்கீடு, விலையில 80% மானியம், அதிகபட்சம் ₹8 லட்சம். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்துல சிறு குறு விவசாயி, பெண்கள், எஸ்சி எஸ்டி பிரிவினருக்கு 50%, அதிகபட்சம் ₹5 லட்சம். மத்த விவசாயிகளுக்கு 40%, அதிகபட்சம் ₹4 லட்சம்னு வகுத்தாங்க. உங்க அப்பா பேர்ல பட்டா இருந்தா, வேளாண் பொறியியல் துறை ஆபீஸ்ல இந்த வருஷம் ஒதுக்கீடு இருக்கானு நேர்ல கேளுங்க. மானியத்தை நம்பி முதல்லயே ட்ரோன் வாங்கிடாதீங்க.

ஆனா இங்கேயும் கணக்கு நாட்கள்லதான் நிக்குது. மானியம் இல்லாம, ₹7 லட்சம் ட்ரோன், ஏக்கருக்கு ₹500 கூலினு வச்சுப்போம்.

நல்ல வருஷம்: 100 நாள், நாளுக்கு 20 ஏக்கர். வரவு ₹10 லட்சம். பைலட், உதவியாளர் ₹2 லட்சம், வண்டி ₹1 லட்சம், பேட்டரி ₹1.5 லட்சம், இன்சூரன்ஸ் பராமரிப்பு ₹75,000. மிச்சம் ₹4.75 லட்சம்.

மந்தமான வருஷம்: 50 நாள், நாளுக்கு 12 ஏக்கர். வரவு ₹3 லட்சம். ஆள் ₹1 லட்சம், வண்டி ₹50,000, பேட்டரி ₹45,000, இன்சூரன்ஸ் பராமரிப்பு அதே ₹75,000. மிச்சம் வெறும் ₹30,000.

முழுத் தொகைக்கும் 11% வட்டியில 5 வருஷ லோன் போட்டா இஎம்ஐ ₹15,220, வருஷத்துக்கு ₹1.83 லட்சம். முதல் கணக்குல சிரிச்சுக்கிட்டே கட்டலாம், ரெண்டாவதுல நகை அடகுக்குப் போகும். அதே ட்ரோன், அதே கூலி. நாட்களும் ஏக்கரும்தான் மாறுச்சு.

(இந்த விலை, கூலியெல்லாம் கணக்குக்காக நான் வச்சது. உங்க ஊர் நிலவரத்தைப் போட்டு நீங்களே ஒரு தடவை போடுங்க.)

டாக்ஸ் பக்கம், சுருக்கமா

- செப்டம்பர் 22, 2025-லேருந்து எல்லா ட்ரோனுக்கும் ஜிஎஸ்டி ஒரே 5%. முன்னாடி கேமராவோட வர்றதுக்கு 18%, சொந்த உபயோகம்னா 28%. ₹1 லட்சம் அடிப்படை விலை ட்ரோன் ₹1,28,000-லிருந்து ₹1,05,000 ஆகுது. பில் போட்டு வாங்குறதுக்கும் பில் இல்லாம வாங்குறதுக்கும் இருந்த விலை வித்தியாசம் குறைஞ்சிடுச்சு. பில் இல்லாத ட்ரோனுக்கு இனிமே சாக்கே இல்லை.
- வயலுக்கு மருந்து தெளிக்கிறது விவசாயச் சேவை, ஜிஎஸ்டி விலக்கு உண்டு. கல்யாண வீடியோவுக்கு விலக்கு இல்லை. மொத்த வரவு வருஷத்துக்கு ₹20 லட்சம் தாண்டினா பதிவு பண்ணணும்.
- இந்த வருமானம் சம்பளம் இல்லை, வியாபார வருமானம். ஐடிஆர்-1 போட்டு முடிச்சிடலாம்னு நினைக்காதீங்க, ஐடிஆர்-3 அல்லது 4 போடணும்.
- பர்சனல் லோனா இருந்தாலும், பணம் தொழிலுக்குத்தான் போச்சுன்னு காட்ட ஆதாரம் இருந்தா வட்டியைச் செலவா காட்டலாம். பில் இல்லாம கேஷ்ல வாங்கின ட்ரோனுக்கு என்ன ஆதாரம் காட்டுவீங்க?
- உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை ஒரு தடவை எடுத்துப் படிங்க. வெளிவேலை கூடாதுன்னு இருந்தா முதல்ல ஹெச்ஆர்கிட்ட எழுத்துல கேளுங்க.

ட்ரோன் ஷேர் வாங்குறவங்களுக்கு

ஐடியாஃபோர்ஜ் ஐபிஓ ஞாபகம் இருக்கா? ₹672-க்கு வெளியிட்டு, ஜூலை 7, 2023-ல சுமார் ₹1,300-ல பட்டியலாச்சு. அலாட்மென்ட் கிடைச்சவங்களுக்கு ஒரே நாள்ல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அன்னைக்கு "ட்ரோன்தான் எதிர்காலம்"னு மார்க்கெட்ல வாங்கினவங்க? 2023-24-ல சுமார் ₹314 கோடியா இருந்த விற்பனை அடுத்த வருஷம் சுமார் ₹161 கோடியா இறங்குச்சு, லாபம் நஷ்டமா மாறுச்சு. 2025-ல ஷேர் வெளியீட்டு விலைக்கும் கீழே போச்சு.

இந்தத் துறையில பெரிய வாடிக்கையாளர் ராணுவமும் அரசுத் துறைகளும்தான். ஆர்டர் ஒரு வருஷம் கொட்டும், அடுத்த வருஷம் தள்ளிப் போகும். ரூல் போடுறதும் அரசு, தடை போடுறதும் அரசு, மானியம் கொடுக்கிறதும் அரசு, வாங்குறதும் அரசு. அப்படிப்பட்ட துறையில ஒரு வருஷ லாபத்தை வச்சு பத்து வருஷத்துக்கு விலை கொடுக்கக் கூடாது. ஆண்டறிக்கையில "யார் வாங்குறாங்க"ங்கிற பகுதியை முதல்ல படிங்க.

ரூல் இன்னும் மாறலாம். செப்டம்பர் 2025-ல புது சிவில் ட்ரோன் சட்டத்துக்கு வரைவு வெளியிட்டாங்க. அதுல தண்டனைகள் இப்போ இருக்கிறதைவிடக் கடுமையா இருந்ததால துறையில இருக்கிறவங்க கவலை தெரிவிச்சாங்க. 2021-ல அஞ்சு மாசத்துல ரூல் தலைகீழா மாறின துறை இது. மூணு வருஷ இஎம்ஐ எடுக்கிறவர் அதை மறக்கக் கூடாது.

வாங்குறதுக்கு முன்னாடி ஆறு கேள்வி

1. டைப் சர்டிஃபிகேட், யுஐஎன் ரெண்டையும் விக்கிறவர் காட்டினாரா?
2. என் பேர்ல ஜிஎஸ்டி பில் கிடைக்குமா?
3. நான் எடுக்கப் போற வேலைக்குப் பைலட் சர்டிஃபிகேட் வேணுமா, என்கிட்ட இருக்கா?
4. நான் வேலை பார்க்கப் போற இடங்கள் வரைபடத்துல என்ன நிறம்? நிலத்துக்கு யாரோட அனுமதி வேணும்?
5. வருஷத்துல நிஜமா எத்தனை நாள் பறக்க முடியும்? அதுல பாதிதான் கிடைச்சாலும் இஎம்ஐ கட்ட முடியுமா?
6. வாங்காம, வாடகைக்கு எடுத்து மூணு மாசம் ஓட்டிப் பார்த்தேனா?

ஒண்ணுக்குக்கூட "தெரியலை"ன்னு பதில் வந்தா, லோன் ஃபார்மை மூடி வைங்க.

தம்பி என்ன பண்ணினார்?

லோன் எடுக்கலை. கொடுத்த ₹20,000 அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார், கிடைக்கலை. விக்கிறவர் போனை எடுக்கவே இல்லை. பில் இல்லாத வியாபாரத்துல எந்த ஆபீஸ்ல போய் முறையிடுறது? அந்த ரெண்டு மாச மிச்சம் போச்சுன்னு ரொம்ப வருத்தப்பட்டார். "தம்பி, மூணு லட்சத்துல மாட்ட இருந்த, இருபதாயிரத்தோட தப்பிச்ச"ன்னேன். அவருக்கு அது ஆறுதலா இல்லை. எனக்கும் அவர் நிலைமையில அப்படித்தான் இருந்திருக்கும்.

அப்புறம் கையில இருந்த சேமிப்புல லீவு போட்டு ரிமோட் பைலட் பயிற்சி முடிச்சார். நவரை நெல்லுக்கு மருந்தடிக்கிற நேரத்துல, போளூர் பக்கம் ட்ரோன் வச்சிருக்கிற ஒருத்தர்கிட்ட சனி ஞாயிறு கூலிக்குப் போனார். ட்ரோன் அவரோடது, பேட்டரி அவரோடது, இன்சூரன்ஸ் அவரோடது. இவருக்கு நாள் கூலி மட்டும். பெரிய காசு இல்லை. ஆனா எந்த மாசத்துல எத்தனை ஏக்கர் வருது, காத்து அடிச்சா எத்தனை நாள் வீணாகுது, விவசாயி எத்தனை நாள் கழிச்சுக் காசு கொடுக்கிறார்னு ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கார். போன வாரம் அந்த நோட்டோட வந்தார்.

"அண்ணா, இதை வச்சு ஒரு கணக்கு போட்டுத் தாங்க. அடுத்த வருஷம் வாங்கலாமானு பார்ப்போம்."

உட்கார்ந்து போட்டோம். அவர் நோட்டுப்படி இன்னும் ஒரு சீசன் பொறுக்கிறது நல்லதுன்னு வந்தது. இந்தத் தடவை அதை அவரே சொன்னார், நான் சொல்லலை.

இந்தக் கணக்கோட எக்செல் ஷீட்டை எப்படி நிரப்புறதுன்னு நம்ம சேனல்ல தனி வீடியோவா போடுறேன். உங்க ஊர்ல ஏக்கருக்கு என்ன கூலி, வருஷத்துல எத்தனை நாள் வேலை கிடைக்குதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. அடுத்து யோசிக்கிற ஒருத்தருக்கு அது உதவும்.

(இது பொதுவான விளக்கம் மட்டுமே. எந்த ஷேரையும் வாங்கச் சொல்லியோ விற்கச் சொல்லியோ எழுதலை. விதிகளும் வரி விகிதமும் மாறக்கூடியவை, காசு போடுறதுக்கு முன்னாடி அன்றைய நிலவரத்தைச் சரிபாருங்க.)